சங்கிலி நூலும் சமநீதியும்

ஒரு வகுப்பிலே 100 மாணவர் இருக்கின்றனர். அவர்களுக்குப் பாடஞ் சொல்லும் விரிவுரையாளர், அடுத்த கிழமைக்குள் இன்ன நூலின் இன்ன அதிகாரத்தை வாசித்து வருமாறு பணிக்கின்றார். நூல் நிலையத்திலோ அந்நூலின் பிரதி ஒன்றே உண்டு. முதலில் ஓடிச் சென்ற மாணவன் அதனை இரவலாகப் பெற்று, 14 நாட்களுக்குத் தன் அறைக்குக் கொண்டு போய்விடுகின்றான். எஞ்சிய 99 பேரும் என் செய்வர்? பொருளுள்ளவன் கடையிலே வாங்குவான். பொருளில்லாதவன் வாசியாமலே வகுப்புக்கு வருவான். பரீட்சை மண்டபத்திலே இருவருக்கும் ஒரே வினாத்தாள்தான் கொடுக்கப்படும்.

இவ்விக்கட்டுக்குப் பல்கலைக்கழக நூல் நிலையங்கள் கண்ட மருந்து மிக எளியது. அந்நூலைப் பொது இறாக்கையிலிருந்து எடுத்து, ஒரு மேசைக்குப் பின்னே தனியாக ஒதுக்கி வைத்தல். கேட்போருக்கு ஒன்றிரண்டு மணித்தியாலங்களுக்கு மட்டும், நூல் நிலையத்தின் உள்ளேயே இருந்து வாசிக்கக் கொடுத்தல். மாலையில் கதவடைக்கும் வேளையில் எடுத்துச் செல்ல விட்டு, மறுநாட் காலையில் தவறாது திருப்பிப் பெறுதல். இதனை ஒதுக்கு நூல் முறை என்று நாம் வழங்கலாம். பார்வைக்கு இஃது ஓர் எழுதுவினைஞரின் அலுவல் போலத் தோன்றும். ஆயின் இதன் பின்னே 700 ஆண்டுச் சரித்திரம் உண்டு. அறிவு பலருக்கும் உரியதாயின், அறிவைத் தாங்கி நிற்கும் பொருள் ஒன்றாயிருக்கும்போது அதனைப் பங்கிடும் நெறி யாது என்னும் வினாவே அச்சரித்திரத்தின் அடிநாதமாகும்.

பாரிஸ் நகரத்திலிருந்து நம் கதையைத் தொடங்குவோம். பிரான்சு தேசத்து மன்னன் ஒன்பதாம் லூயியின் அன்புக்குரிய குருவாயிருந்தவர் ரொபேர் த சோர்போன் என்பவர். வறிய நிலையிலிருந்து இறையியல் பயில வந்தோர் உண்டு உறைந்து கற்பதற்காக இவர் 1257 ஆம் ஆண்டளவில் ஒரு கல்லூரியை நிறுவினார். இன்று சோர்போன் என்று உலகம் போற்றும் பெயர் அவர் பெயரேயாகும். 1274 இல் அவர் இறந்தபோது தம் நூல்களை அக்கல்லூரிக்கே விட்டுச் சென்றார். பிறரும் அவ்வாறே வழங்கினர். 1290 ஆம் ஆண்டில் எழுதப்பட்ட அட்டவணை 1,017 நூல்கள் அங்கே இருந்தன என்று கூறுகின்றது.

அச்சுக்கலை ஐரோப்பாவுக்கு அறிமுகமாகாத காலம் அது என்பதை நாம் மனத்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு நூலும் தோலிலே கையால் எழுதப்பட்டது. ஒரு பெரிய நூலுக்குப் பல பத்து ஆட்டுக்குட்டிகளின் அல்லது கன்றுகளின் தோல் வேண்டியிருந்தது. எழுதுவோன் மாதக்கணக்கில் உழைத்தான். எனவே நூல் என்பது வீடு வாசல் போன்ற ஒரு சொத்து. அதனை அடகு வைத்துக் கடன் வாங்கிய மாணவரும் உளர்.

அத்தகைய நூல்களை அக்கல்லூரி இரு கூறாக வகுத்தது. இரட்டைப் பிரதிகளும் அருகியே தேவைப்படுவனவும் சிறு நூல் நிலையம் எனப்பட்ட பகுதியிலே வைக்கப்பட்டு, உறுப்பினருக்கு இரவல் கொடுக்கப்பட்டன. எல்லோரும் அடிக்கடி தேடுவனவோ 1289 ஆம் ஆண்டிலே ஒழுங்கு செய்யப்பட்ட பெரிய நூல் நிலையத்திலே, சாய்மேசைகளின் மீது, இரும்புச் சங்கிலியாற் பிணிக்கப்பட்டு வைக்கப்பட்டன. 1338 ஆம் ஆண்டின் அட்டவணைப்படி அக்கல்லூரியின் நூல்கள் 1,722 ஆகப் பெருகியிருந்தன. அவற்றுள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே சங்கிலியில் இருந்தவை.

நூலைச் சங்கிலியிற் பிணித்தார்கள் என்று கேட்டதும் நமக்கு முகஞ் சுளிக்கத் தோன்றுகின்றது. அறிவுக்கு விலங்கா என்று வினவுகின்றோம். ஆனால் 1321 ஆம் ஆண்டிலே அக்கல்லூரியார் வகுத்த விதியொன்றைப் பார்த்தால் நம் எண்ணம் மாறிவிடும். கல்லூரியில் உள்ள ஒவ்வொரு வகை நூலினும் மிகச் சிறந்த பிரதியைத் தெரிந்து அதனையே சங்கிலியில் இடல் வேண்டும்; ஒரு பிரதிதான் உண்டெனினும் அவ்வாறே செய்தல் வேண்டும் என்பது அவ்விதியின் கருத்து. அதற்கு அவர்கள் காட்டிய காரணம், ஒருவனுடைய நன்மையினும் பலருடைய நன்மை தெய்வத் தன்மை மிக்கது என்பதாகும். சாதாரணமாக மனிதர் என் செய்வர்? சிறந்ததைப் பெரியோருக்கென்று பெட்டியிற் பூட்டிவிட்டு, கிழிந்ததையும் நைந்ததையும் பொதுவில் வைப்பர். இவர்களோ சிறந்ததைப் பொதுவில் வைத்துவிட்டு, எஞ்சியதைத் தனியாருக்கு இரவல் கொடுத்தனர். அச்சங்கிலி வாசிப்பவனுடைய கையைத் தடுக்கவில்லை. நூலை ஒருவனே கவர்ந்து செல்வதைத்தான் தடுத்தது. இன்றைய ஒதுக்கு நூல் மேசையின் தத்துவம் முழுவதும் இவ்வொரு விதியுள் அடங்கியிருக்கின்றது.

சங்கிலி நூல் நிலையம் எப்படியிருக்கும் என்று காண விரும்புவோர் இன்றும் காணலாம். இங்கிலாந்தின் ஹியபோர்ட் பேராலயத்தில் அத்தகைய நூல் நிலையமொன்று பேணப்பட்டு வருகின்றது. சங்கிலியின் ஒரு முனை நூலின் அட்டையிலே அறையப்பட்டிருக்கும். மறுமுனையிலுள்ள வளையம், இறாக்கையின் ஓரமாக ஓடும் இரும்புக் கோலிலே கோக்கப்பட்டிருக்கும். நூலை எடுத்து அதன் கீழுள்ள மேசையில் விரித்து வாசிக்கலாம். அப்பால் கொண்டு செல்லல் இயலாது. சங்கிலி சிக்காதிருக்கும் பொருட்டு நூல்களின் முதுகு உட்புறமாகவும், தாளோரம் வெளிப்புறமாகவும் அடுக்கப்பட்டிருக்கும்.

ஆயினும் சங்கிலி நூல் ஒரு நேரத்தில் ஒருவருக்கே பயன்படும். நூற்றுக்கணக்கான மாணவர் ஒரே நூலைக் கற்க வேண்டியிருந்த பாரிஸ், பொலோஞா முதலிய பல்கலைக்கழகங்களில் இதற்கு வேறோர் உபாயமும் கண்டனர். அது பேசியா முறை எனப்படும். துண்டு என்பது அச்சொல்லின் பொருள். பல்கலைக்கழகம் பிழை பார்த்து ஏற்றுக் கொண்ட மூலப்பிரதி ஒன்று, பல்கலைக்கழகத்துக்குச் சத்தியஞ் செய்து கொடுத்த நூல் வணிகரிடம் இருக்கும். அது கட்டடம் செய்யப்படாமல், பெரும்பாலும் நான்கு ஏடு, அதாவது எட்டுப் பக்கம், கொண்ட துண்டுகளாக இருக்கும். மாணவன் ஒரு துண்டை வாடகைக்கு எடுத்துச் சென்று படி எழுதிக்கொண்டு, அதனைத் திருப்பிக் கொடுத்து அடுத்த துண்டைப் பெறுவான். 50 துண்டுகள் உள்ள நூலாயின், ஒரே வேளையில் 50 பேர் அதனைப் படியெடுக்கலாம் அன்றோ! ஒரு பிரதி 50 பிரதியாயிற்று. பாரிசிலே 1275 ஆம் ஆண்டளவிலும் 1304 ஆம் ஆண்டிலும் வெளியான வாடகைப் பட்டியல்கள் இன்றும் கிடைக்கின்றன. வணிகன் தான் நினைத்தபடி வாடகை ஏற்றலாகாது. பல்கலைக்கழகமே அதனை நிருணயித்தது. வறிய மாணவனைக் காக்க விலைக்கும் ஒரு கட்டு வேண்டும் என்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர்.

பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சியந்திரம் தோன்றியது. நூல்களின் விலை படிப்படியாகக் குறைந்தது. சங்கிலிகள் பொருளற்றனவாயின. இங்கிலாந்துக் கல்லூரிகள் ஒவ்வொன்றாக அவற்றைக் கழற்றின. ஒக்ஸ்போர்ட் மொட்லின் கல்லூரி 1799 ஆம் ஆண்டுவரை அவற்றை வைத்திருந்தது. சங்கிலி கழன்றதனால் நூல் நிலையம் தாராளமாகிவிட்டது என்று நினைத்தல் தவறு. 1602 இல் திறக்கப்பட்ட ஒக்ஸ்போர்ட் பொட்லியன் நூல் நிலையம் எந்நூலையும் எவருக்கும் வெளியே கொடுப்பதில்லை என்ற விதியுடையது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஒக்ஸ்போர்ட்டிலே தங்கியிருந்த முதலாம் சாள்ஸ் மன்னன் 1645 இல் ஒரு நூலைக் கேட்டு ஆளனுப்பினான். நூலகர் விதிகளை எடுத்துக் காட்டி மறுத்தார். மன்னனும் அதனை ஏற்றுக்கொண்டான். சில ஆண்டுகளின் பின்னர் நாட்டை ஆண்ட ஒலிவர் குறொம்வெல்லுக்கும் அதே விடைதான் கிடைத்தது. முடியுடையோனுக்கும் முடியை வீழ்த்தியோனுக்கும் ஒரே விதி!

இனி, ஒரு கேள்வி எழும். அச்சு வந்தபின் பல நூற்றாண்டு காலம், மாணவருக்கென நூலை ஒதுக்கி வைக்கும் ஒழுங்கு ஏன் பெரிதாக வளரவில்லை? காரணம் கற்பித்த முறையிலே உள்ளது. அக்காலக் கல்லூரிகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பாடநூல் இருந்தது. மாணவன் அதனை வாங்கி, மனனஞ் செய்து, வகுப்பிலே ஒப்புவித்தான். நூல் நிலையத்துக்குச் செல்ல வேண்டிய தேவையே அவனுக்கு இல்லை. ஒரே நூலை நம்பிக் கற்பிக்கும் இடத்தில் ஒதுக்கு மேசைக்கு வேலையில்லை. பல நூல்களை ஒப்பு நோக்கி, மூல ஆவணங்களைக் கண்டு, மாணவன் தானே ஒரு முடிபுக்கு வருதல் வேண்டும் என்ற கல்விக் கொள்கை தோன்றிய பின்னரே ஒதுக்கு மேசையும் தோன்றியது.

அக்கொள்கை ஜெர்மனியிலே தழைத்தது. பெர்லின் பல்கலைக்கழகத்துச் சரித்திராசிரியர் ராங்கே, 1830களில் ஒரு சிலரைத் தம்மோடு இருத்தி, மூல ஆவணங்களை ஆராயப் பழக்கினார். அவ்வாறான ஆய்வு வட்டங்களுக்குத் தனியறையும், கைக்கெட்டும் தூரத்தில் வேண்டிய நூல்களும் அமைந்தன. அங்கே கற்றுத் திரும்பிய அமெரிக்கர் அம்முறையைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர்.

ஹாவர்ட் கல்லூரியில் 1869 இல் தலைவராகப் பதவியேற்ற சாள்ஸ் எலியட், மாணவர் தம் பாடங்களைத் தாமே தெரிந்து கற்க வழிசெய்தார். 1870 முதல் 1877 வரை அங்கே சரித்திரம் கற்பித்தவர் ஹென்றி அடம்ஸ். அமெரிக்க ஜனாதிபதிகள் இருவரின் வழித்தோன்றல் இவர். பாடநூலை ஒப்புவிக்கச் சொல்வதை விடுத்து, மத்திய காலச் சட்டங்களையும் பட்டயங்களையும் நேரே வாசிக்குமாறு மாணவரை ஏவினார். அந்நூல்களோ நூல் நிலையத்தில் ஒவ்வொரு பிரதியே இருந்தன. ஒருவன் எடுத்தால் மற்றவர் வகுப்பில் வாயடைத்திருக்க நேரும். ஆகவே அவற்றை இரவல் கொடாது, தம் மாணவர் யாவரும் பார்க்கும்படி புறம்பாக வைக்குமாறு அவர் நூல் நிலையத்தாரைக் கேட்டுக் கொண்டார்.

அந்நாளில் ஹாவர்ட் நூலகராயிருந்தவர் ஜோன் சிப்லி. இவரைப் பற்றிய ஒரு கதை வழங்கி வருகின்றது. ஒருநாள் முகமலர்ச்சியோடு வளாகத்தைக் கடந்து சென்றாராம். காரணம் வினவியபோது, எல்லா நூல்களும் நூல் நிலையத்துள் பத்திரமாக இருக்கின்றன, இரண்டு மட்டும் ஒரு பேராசிரியரிடம் உள்ளன, அவற்றையும் மீட்கவே போகின்றேன் என்றாராம். கதை மெய்யோ பொய்யோ, நூல் நிலையம் ஒரு பண்டகசாலை என்ற பழைய எண்ணத்தை அது நன்கு காட்டுகின்றது.

1877 ஆம் ஆண்டில் அவருக்குப் பின் வந்தவர் ஜஸ்டின் வின்சர். பொஸ்டன் நகரப் பொது நூல் நிலையத்தை நடத்திப் பழகியவர். 1876 இல் தோன்றிய அமெரிக்க நூல் நிலையச் சங்கத்தின் முதல் தலைவர். தாமே ஒரு சரித்திராசிரியர். நூல் வாசிக்கப்படுவதிலேதான் அதன் பெறுமதி இருக்கின்றது என்பது இவர் கொள்கை. அடம்ஸ் போன்றோர் தனிப்பட்ட உதவியாகக் கேட்டுப் பெற்றதனை இவர் கல்லூரி முழுவதுக்குமான ஒழுங்காக வளர்த்தார். தவணை தொடங்குமுன் ஆசிரியர் தம் நூற்பட்டியலைக் கொடுப்பார். அந்நூல்கள் வாசிகசாலையிலே ஆசிரியரின் பெயரோடு கூடிய இறாக்கையில் வைக்கப்படும். தீ விபத்துக்கு அஞ்சி நெடுங்காலம் அந்நூல் நிலையத்தில் விளக்கேற்றுவதில்லை. பொழுது சாயும்போது கதவும் சாத்தப்படும். எனவே ஒதுக்கிய நூல்களை அந்தி வேளையில் எடுத்துச் சென்று, காலையில் திறந்தவுடன் மீள ஒப்படைக்க இடமளிக்கப்பட்டது. ஓர் இரவுக்கு இரவல் கொடுக்கும் வழக்கம், விளக்கில்லாத ஒரு வாசிகசாலையின் தேவைக்கு நன்கு பொருந்தியிருந்தது.

இவ்விடத்தில் என் மாணவப் பருவத்து நினைவொன்று குறுக்கிடுகின்றது. நான் பட்டப்படிப்புப் படித்த 1990களில் நாங்கள் இருந்த ஊரில் மின்சாரம் இல்லை. ஒதுக்கு மேசையிலிருந்து ஓர் இரவுக்கு எடுத்த நூலை, ஜாம் போத்தலில் திரியிட்ட மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி இருந்து வாசிப்போம். எண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஆதலால் ஒருவர் உரக்க வாசிக்க, மற்ற இருவரும் எழுதிக்கொள்வோம். விடிந்ததும் சைக்கிளை மிதித்துச் சென்று நூலைக் கொடுத்துவிடுவோம். ஒருமுறை பரீட்சைக்கு முதல் வாரம், நெடுநேரம் வரிசையில் நின்று பெற்ற நூலைத் திறந்தபோது, எங்களுக்கு வேண்டிய அதிகாரத்தின் எட்டுப் பக்கங்களும் சவரக் கத்தியால் நேராக வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. அதைச் செய்தவரும் எம்மைப் போலப் பரீட்சைக்கு அஞ்சிய ஒருவராகவே இருந்திருப்பார். அன்று எனக்கு எழுந்த கோபம் இன்றும் முற்றாகத் தணியவில்லை. ஆயினும் பாரிஸ் கல்லூரியார் ஏன் இரும்பை நாடினார்கள் என்பதை அன்றுதான் நான் விளங்கிக் கொண்டேன்.

ஒதுக்கு முறைக்கு உள்ள குறை பக்கம் கிழிபடுவது மட்டுமன்று. நூலை வேறிடத்தில் ஒளித்து வைத்தல், நண்பருக்கு மட்டும் கைமாற்றுதல் ஆகிய தீச்செயல்களும் எங்கும் உண்டு. இவற்றினும் ஆழமான குறையொன்றை 1940 ஆம் ஆண்டில் ஹாவி பிரான்ஸ்கோம் என்ற அமெரிக்கக் கல்விமான் எடுத்துக் காட்டினார். டியூக் பல்கலைக்கழக நூல் நிலையத்தின் பணிப்பாளராயிருந்த அவர், கல்லூரி மாணவர் நூல் நிலையத்தை எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்று ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டார். பலர் ஒதுக்கு மேசையைத் தவிர நூல் நிலையத்தின் வேறெந்தப் பகுதியையும் நாடுவதில்லை என்பதைக் கண்டார். ஒரு பாடநூலின் அடிமைத்தனத்தை ஒழிக்கப் பிறந்த முறை, ஆசிரியர் குறித்த பக்கங்களின் அடிமைத்தனமாக மாறிவிட்டது. தேடிக் கண்டடையும் இன்பத்தை அது மாணவரிடமிருந்து பறித்துவிட்டது. மருந்து அளவு மிஞ்சினால் நோயாகும் என்பதற்கு இஃது ஓர் உதாரணம்.

இன்னொரு குறை வாயிலைப் பற்றியது. பட்டப்படிப்பு மாணவருக்கெனத் தனியாக ஹாவர்ட் பல்கலைக்கழகம் 1949 இல் லமொண்ட் நூல் நிலையத்தைத் திறந்தது. அம்மாணவருக்குரிய ஒதுக்கு நூல்கள் அங்கே குவிக்கப்பட்டன. திறந்த இறாக்கைகளும் நல்ல வெளிச்சமும் உடைய அக்கட்டடத்தை யாவரும் புகழ்ந்தனர். ஆனால் ராட்கிளிவ் கல்லூரிப் பெண்கள், 1943 முதல் அதே விரிவுரைகளைக் கேட்டு வந்தபோதும், அதனுள் நுழைய அனுமதிக்கப்படவில்லை. அவர்களுக்கு வேறு நூல் நிலையம் இருந்தது உண்மையே. எனினும் 1967 ஆம் ஆண்டில்தான் லமொண்ட் கதவு அவர்களுக்குத் திறந்தது. நூலைச் சமமாகப் பங்கிடும் விதி, வாயிலுக்கு உள்ளே வந்தவர்க்கு மட்டுந்தான் நீதி செய்யும். வாயிலில் நிறுத்தப்பட்டவருக்கு அது நீதியாகாது.

நம் நாட்டுக்கு வருவோம். கொழும்பிலே 1921 இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1942 இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. 1952 இல் பேராதனையில் நிலைகொண்டது. அதன் நூல் நிலையத்திலும், பின்னர் எழுந்த பல்கலைக்கழகங்களின் நூல் நிலையங்களிலும் இரவல் நூல், உசாத்துணை நூல் என்ற இரு வகைக்கும் இடையே, குறுங்காலத்துக்கு மட்டும் கொடுக்கும் நூல்கள் என ஒரு வகை இடம்பெற்றது. 1960 முதல் கலைப்பீடத்திலே சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாக வந்தன. சுயபாடசாலைகளிலிருந்து கிராமத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுந்தனர். அது பெரும் பேறு. ஆனால் ஒதுக்கு மேசையில் இருந்த நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. நூல் கையில் இருந்தும் பொருள் கைக்கு எட்டாத நிலை பலருக்கு உண்டாயிற்று. அதனால் விரிவுரைக் குறிப்புக்களே நூலின் இடத்தைப் பிடித்தன. மூத்த மாணவரின் குறிப்புக் கொப்பிகள் கைமாறிக் கைமாறித் தேய்ந்தன. மொழி தெரியாதவனுக்கு அந்த மொழியே ஒரு சங்கிலியாகும். அதனைக் கழற்றும் வழி, மொழிபெயர்ப்பும் தமிழிலே புதிய நூலாக்கமுமன்றி வேறில்லை.

இதற்கிடையில் ஓர் இயந்திரம் உலகை மாற்றியது. செஸ்டர் கால்சன் என்ற அமெரிக்கர் 1938 இல் மின்னேற்றத்தின் துணையால், ஈரமை இல்லாமலே எழுத்தைப் பிரதி செய்யும் வித்தையைக் கண்டார். 1959 இல் செரொக்ஸ் 914 என்ற நிழற்பிரதி இயந்திரம் அறிமுகமாயிற்று. அதன் பின் நூலை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. வேண்டிய அதிகாரத்தின் பிரதிகளை ஒதுக்கி வைத்தாற் போதும். சில காலத்தின் பின் பல அதிகாரங்களின் பிரதிகளைச் சேர்த்துக் கட்டி விற்கும் வழக்கமும் எழுந்தது. பேசியா முறை ஏழு நூற்றாண்டின் பின் மீண்டும் உயிர் பெற்றது எனலாம்.

ஆனால் பழைய பேசியாவுக்கு இல்லாத ஒரு சிக்கல் இதற்கு உண்டு. அது பதிப்புரிமை. நூலை எழுதியவனுக்கும் வெளியிட்டவனுக்கும் தம் உழைப்பின் பயன் கிடைக்க வேண்டாமா? அவர்கள் பிழைக்க வழியில்லையெனில் நாளைக்கு நூல் எங்கிருந்து வரும்? இக்கேள்வி நியாயமானதே. 1976 ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், கற்பித்தலுக்காகச் செய்யும் நியாயமான பயன்பாட்டுக்கு இடமளித்தது. அந்த நியாயத்தின் எல்லை எது என்பதே வழக்காயிற்று. இலாபத்துக்காகப் பாடத்தொகுதி செய்து விற்ற கிங்கோஸ் நிறுவனத்துக்கு எதிராக 1991 இல் தீர்ப்பாயிற்று. பின்னர் நூல் நிலையங்கள் கணினி வழியே அதிகாரங்களை மாணவருக்கு அளிக்கத் தொடங்கின. ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் அவ்வாறு அளித்ததை எதிர்த்து மூன்று வெளியீட்டு நிறுவனங்கள் 2008 இல் வழக்குத் தொடுத்தன. அவ்வழக்கு மேன்முறையீட்டு மன்றுக்கு இருமுறை சென்று மீண்டது. இத்தனை சதவீதம் எடுக்கலாம் என்று பொதுவான ஓர் அளவுகோல் வைத்தல் ஆகாது, ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தல் வேண்டும் என்று அம்மன்று 2014 இல் கூறியது. 12 ஆண்டுகள் நடந்து 2020 இல் முடிந்தபோது, வழக்கிட்டவற்றுட் பெரும்பாலானவை நியாயமான பயன்பாடே என்று முடிவாயிற்று.

நமக்கு அண்மையிலே, டில்லிப் பல்கலைக்கழகத்தையும் அதன் வளாகத்திலிருந்த சிறிய நிழற்பிரதிக் கடையொன்றையும் எதிர்த்து 2012 இல் மூன்று வெளியீட்டு நிறுவனங்கள் நீதிமன்றம் ஏறின. எந்த அறிஞர்களின் நூல்களுக்காக வழக்கிட்டார்களோ, அவர்களுட் பலரே மாணவர் பக்கம் நின்று வழக்கைக் கைவிடுமாறு வேண்டினர். 2016 செப்டெம்பரில் டில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி வழக்கைத் தள்ளினார். அவ்வாண்டு டிசெம்பரில் மேன்முறையீட்டை விசாரித்த இரு நீதிபதிகள், கற்பித்தலுக்கு வேண்டிய அளவு பிரதி செய்தல் சட்டத்துக்கு அமைந்ததே என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டு, சில விடயங்களை மட்டும் மீள விசாரிக்கப் பணித்தனர். 2017 இல் நிறுவனங்கள் வழக்கிலிருந்து விலகிக் கொண்டன. நமது நாட்டிலும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், வகுப்பறையின் தேவைக்காகப் பல பிரதிகள் செய்வதையும் நியாயமான பயன்பாட்டுள் அடக்கிப் பேசுகின்றது.

இன்று பல பல்கலைக்கழகங்களில் ஒதுக்கு மேசை கணினித் திரைக்குள் புகுந்துவிட்டது. மின்னூலுக்குத் தேய்வில்லை, கிழிவில்லை. ஒரே கணத்தில் 100 பேரும் வாசித்தாலும் அது குறைவதில்லை. அவ்வாறிருந்தும், ஒரு நேரத்தில் ஒருவரே திறக்கலாம் என்ற நிபந்தனையோடு விற்கப்படும் மின்னூல்கள் உள. பாரிஸ் நகரத்துச் சங்கிலி, நூல் ஒன்றே இருந்ததனால் வந்தது. இந்தச் சங்கிலியோ, எத்தனை பிரதியும் ஆக்கக்கூடிய இடத்தில் உடன்படிக்கையால் இடப்பட்டது. முன்னது பலருடைய நன்மைக்கெனப் பூட்டப்பட்டது. பின்னது யாருடைய நன்மைக்கு என்பதை நேயர்களே எண்ணிப் பார்த்தல் வேண்டும். எழுதியவனின் உரிமையைக் காக்கும் அளவுக்கு அது நியாயம். அதற்கு அப்பால் செல்லுமாயின், 1321 ஆம் ஆண்டின் கல்லூரியார் நம்மைப் பார்த்து நகைப்பர்.

சரித்திரம் ஆசிரியராகிய எமக்கும் சில கடமைகளை உணர்த்துகின்றது. தவணை தொடங்குமுன்னரே பட்டியல் கொடுத்தல் வேண்டும். மாணவர் வரிசையில் நிற்கத் தொடங்கிய பின்னர் கொடுத்துப் பயனில்லை. வேண்டியவற்றை மட்டும் ஒதுக்கல் வேண்டும். எல்லாவற்றையும் ஒதுக்கினால் பொது இறாக்கை பாழாகும். வேலை முடிந்ததும் நூலை அதன் இடத்துக்கு அனுப்பிவிடல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, நம்மிடம் உள்ள சிறந்த பிரதியையே பொதுவில் வைத்தல் வேண்டும்.

என் பாடசாலை நூல் நிலையத்திலே உயர்தர வகுப்பு மாணவருக்கான ஒரு சரித்திர நூல் இருக்கின்றது. அதன் புதிய பிரதி அதிபரின் அலுமாரியிலும், ஒட்டுப் போட்ட பழைய பிரதி மாணவரின் மேசையிலும் பல ஆண்டுகளாக இருந்தன. இப்பேச்சுக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் அது என் கண்ணிற் பட்டது. மறுநாட் காலையில் இரண்டையும் இடம் மாற்றினேன். அன்று பிற்பகலே, பாடசாலை விட்ட பின்னர், இரு மாணவியர் அப்புதிய நூலை நடுவே விரித்து வைத்து எழுதிக்கொண்டிருக்கக் கண்டேன்.